கருங்காலி கட்டிய பாட்டு

வேலைநிறுத்தம் முடிந்து மாதங்கள் ஓடியும் சுமைக்காரர்களுக்கு மேஸ்திரியின் சகலை மேல் இருந்த ஆத்திரம் ஆறவில்லை. அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, பின்பக்கமாகப் புகுந்து முதலாளி லாரியிலிருந்து சரக்கு இறக்கியவன் அவன். அன்றிலிருந்து அவன் பெயர் கருங்காலி. அவனோடு யாரும் கழி தூக்குவதில்லை. ஒரு தீக்குச்சி கூடக் கொடுப்பதில்லை. மேஸ்திரி அதோடு விட்டிருக்கலாம். அவன் கட்டிய தூக்குப்பாட்டையும் இனி வாயில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அப்ப எதைப் பாடித் தூக்குறது?" என்றான் நெட்டையன்.

"நான் கட்டுறேன்."

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி தங்கமான மனுஷன். அடுத்தவன் கூலியில் கை வைக்காதவர். அப்படிப்பட்டவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு வாரம் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் பாட்டுக் கட்டினார். அவர் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"எங்கக்கா புருஷன் அயோக்கியன்தான், நான் இல்லேங்கல. ஆனா அவரு பாட்டைக் கேட்டா உக்காந்திருக்கிறவளுக்கே எதையாவது தூக்கணும்போல இருக்கும்."

"என் பாட்டைக் கேட்டா?"

"எழுந்து போகணும்போல இருக்குங்க."

அச்சகத்தில் காகிதம் வெட்டும் எந்திரத்தை மாடிக்கு ஏற்ற வேண்டிய நாள் வந்தது. முழுக்க இரும்பு. படிக்கட்டோ இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டிய அகலம். கயிற்றில் கட்டி, கழி கோத்து, பாதிப் பேர் மேலே நின்று இழுக்க, பாதிப் பேர் கீழிருந்து தோள் கொடுத்தார்கள். எல்லாருக்கும் கீழே, முழுப் பாரமும் இறங்கும் இடத்தில் மேஸ்திரி. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"உழைக்கும் கரங்கள் ஒன்றாய்ச் சேர்ந்தால் உலகம் நமது காலடியில்..."

நெட்டையன் 'கரங்க'ளில் தூக்கினான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் 'சேர்ந்தா'லில் தூக்கினான். மேலே இருந்தவர்கள் பாட்டு முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"அண்ணே, எந்த இடத்துல தூக்கணும்?"

"காலடியில்னு வருதுல்லடா, அங்க!"

"அதுவரைக்கும் நம்ம காலு இருக்கணுமேண்ணே!"

எப்படியோ திருப்பம் வரை உருட்டிப் புரட்டி ஏற்றினார்கள். அங்கே கயிறு ஒரு சாண் நழுவியது. எந்திரம் அப்படியே சரிந்து மேஸ்திரியின் தோளில் உட்கார்ந்தது. பின்னால் நகர இடமில்லை. எல்லார் கண்ணும் அவர் வாயைப் பார்த்தன. எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். உலகமும் காலடியும் அவருக்குச் சுத்தமாக மறந்துபோயின. தொண்டை தானாகத் திறந்தது.

"படியே படியே நகந்துக்கோ..."

"ஹோய்!"

எல்லாத் தோளும் ஒரே தோளாக எழும்பின.

"பாரம் வருது ஒதுங்கிக்கோ..."

"ஹோய்!"

"மொதலாளி வயிறு பெருசய்யா..."

"ஹோய்!"

"அதைவிட இதுவே லேசய்யா..."

"ஹோய்!"

கடைசி 'ஹோ'யில் எந்திரம் மாடித் தரையில் நின்றது. ஆட்கள் மூச்சு வாங்கினார்கள். ஒருவரும் மேஸ்திரியைப் பார்க்கவில்லை.

அச்சகத்து அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். "கடைசியில ஒண்ணு பாடினீங்களே, நல்லா இருந்துச்சு. யாரு கட்டினது?"

நெட்டையன் கூரையில் எதையோ தேடினான். மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க வேண்டியதைவிட நெடுநேரம் துடைத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஒரு கருங்காலிம்மா. மொதலாளி வயித்தைப் பாடிட்டு, அந்த வயித்துக்கே மூட்டை இறக்கினவன். வேலைக்கு மட்டும் கூப்பிட்டுடாதீங்க."

"ஆளு கிடக்கட்டும். பாட்டு?"

"பாட்டுல..." மேஸ்திரி தோளைத் தேய்த்துக்கொண்டார். "பாட்டுல ஒரு குத்தமும் இல்ல."

"முதல்ல பாடினது யாரு கட்டினதுன்னு கேக்கலியேம்மா?" என்றான் நெட்டையன்.

"அதுவும் பாட்டா? நீங்க ஏதோ சண்டை போட்டுக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

மேஸ்திரியைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் பொறுத்து அவர் மீசையும் ஆடியது.

எந்திரத்தோடு வந்த இரும்பு மேசை இன்னும் கீழேதான் இருந்தது. இறங்கிப் போய்க் கழியைக் கோத்துவிட்டு ஆட்கள் சும்மா நின்றார்கள்.

"என்னடா மூஞ்சியப் பாக்குறீங்க? அதையே பாடுங்க," என்றார் மேஸ்திரி. "நடுவுல எவனாவது அவன் பேரை எடுத்தீங்க, பல்லு இருக்காது."