டீக் கறை

என் வீட்டுக்காரர் கார் கழுவுவதைப் பார்த்தால், பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள்கூடக் கொஞ்சம் முரடர்கள் என்று தோன்றும். வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் நிறுத்துவார். ஷாம்பு தண்ணீருக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. கூரையில் தொடங்கித்தான் கீழே வர வேண்டும். காக்கா எச்சம் இருந்தால் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து ஒத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் பெயிண்டில் கோடு விழுந்துவிடுமாம். ஏசி காற்று வரும் இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். கடைசித் துடைப்புக்கு மஞ்சள் நிறத்தில் மெத்தென்று ஒரு துணி. தெரியாத்தனமாக ஒருமுறை அதை எடுத்து அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டேன். அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

சீட்டு கதை இன்னும் மோசம். ஷோரூமில் போட்டுத் தந்த பிளாஸ்டிக் உறையை வருஷக்கணக்காகியும் அவர் கழற்றவில்லை. உட்கார்ந்தால் சரசரக்கும், வெயிலில் சுடும், எழுந்தால் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். அடியில் சந்தன நிறத் துணி புத்தம் புதிதாக இருப்பதாகக் கேள்வி. பக்கத்து வீட்டு வாத்தியார் ஒருநாள் கையில் டீயோடு ஏற வந்தார். குடித்து முடிக்கும்வரை அவரை வெளியிலேயே நிறுத்திவிட்டார் இந்த மனுஷன். எனக்கு மானமே போயிற்று.

அப்படிப்பட்ட காரில்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியதாயிற்று. மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்ததும், விட்டு விட்டுப் பல முறை மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். நடுவில் நிறுத்தினால் மறுபடி வந்துவிடலாம் என்றும் அழுத்திச் சொன்னார். மருந்து ஏறினால் வயிறு புரட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். திரும்பி வரும்போது அந்தப் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறும் பாருங்கள், குடலே வாய்க்கு வந்துவிடும். வழிநெடுக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன். அவர் காரில் வாந்தி எடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே வேண்டுதல். நோய் குணமாக வேண்டும் என்றுகூட வேண்டிக்கொள்ளவில்லை.

மூன்றாவது முறை கிளம்ப வேண்டிய காலையில் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். போதும், இனி வரமாட்டேன் என்றேன். அவர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், டாக்டரையே போனில் பேசச் சொல்வதாக மிரட்டினார். வேறு வழியில்லாமல் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மருந்துக்கெல்லாம் பயமில்லைங்க. அந்த பிளாஸ்டிக் நாத்தம்தான் தாங்கல. உங்க கார்ல வாந்தி எடுத்துட்டா என்ன ஆகும்னு நெனச்சு நெனச்சே செத்துடுவேன் போலிருக்கு."

அவர் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கும் போகாமல், கட்டினவர் மனசையும் புண்படுத்தி, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது. அப்போது கிழிபடும் சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பாதி உடம்பு காருக்குள்ளும் கால் இரண்டும் வெளியிலுமாக, உறையை வெட்டிச் சுருட்டித் தரையில் எறிந்துகொண்டிருந்தார். முடிந்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்து காற்றாட விட்டுவிட்டு, அறை வாசலில் வந்து நின்றார். வியர்த்துக் கொட்டியது.

"இப்ப வா. வாந்தி வந்தா எடு. சீட்டுதானே, கழுவிக்கலாம்."

போனோம். அந்த வாடை இல்லை. ஆனால் வாந்தி என்னைக் கேட்டா வருகிறது? திரும்பும்போது பாதி வழியில், நிறுத்துங்கள் என்று சொல்வதற்குள் மடியிலும் சீட்டிலுமாக எடுத்துவிட்டேன். இத்தனை வருஷம் காற்றே படாமல் இருந்த துணி, அன்றுதான் வெளிச்சத்தைப் பார்த்தது, அன்றே நாசம். நான் அழுதேன். அவர் காரை ஓரம் கட்டினார். அந்த மஞ்சள் துணியை எடுத்தார். சீட்டைத் துடைக்கப் போகிறார் என்று நான் ஒதுங்கினேன். அவரோ அதைத் தண்ணீரில் நனைத்து என் வாயைத் துடைத்தார். பிறகு கன்னத்தை, கழுத்தை. தேய்க்கவில்லை, ஒத்தி ஒத்தி எடுத்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து சமையல் சோடா தூவினார், ஊறவைத்தார், என்னென்னவோ செய்தார். வாடை போய்விட்டது. இளம் பழுப்பில் ஒரு வட்டம் மட்டும் நான் போகமாட்டேன் என்று நின்றுவிட்டது.

மறுநாள் கார்க் கதவைத் திறந்து அவர் சீட்டைக் காயவைத்திருந்தபோது வாத்தியார் வந்துவிட்டார். நான் உள்ளே ஜன்னலோரம் படுத்திருந்தேன். என் நோய் தெருவில் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் இனித் தெருவே என்னை ஐயோ பாவம் என்று பார்க்கும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு காதை மட்டும் தீட்டிக்கொண்டேன். அது என்ன கறை என்று வாத்தியார் கேட்டார்.

"டீ," என்றார் என் வீட்டுக்காரர். "நான்தான் ஓட்டிக்கிட்டே குடிச்சேன். கொட்டிடுச்சு."

வாத்தியார் சும்மா விடுவாரா? தன்னை வெளியே நிறுத்தியதற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார். தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் கறையைக் காட்டினார். அத்தனை கேலியையும் வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல், இவர் பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை அவர் கூப்பிடுவதற்கு முன்பே போய் அந்த வட்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் வந்து ஏறி வண்டியைக் கிளப்பினார்.

"மெதுவாப் போங்க," என்றேன். "மறுபடியும் டீயைக் கொட்டிடப் போறீங்க."