காற்று நின்ற நேரம்

எங்கள் ஊரில் புயலுக்கு ஒத்திகை நடத்துவார்கள். கீழ்வேளூரிலிருந்து ஜீப்பில் ஆள் வரும், மைக் வரும், ஆரஞ்சு நிறச் சட்டைகள் வரும். புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்கும். நாங்கள் பாயும் பாத்திரமுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். மழைக்கு முன்னால் வடிகால் வாய்க்காலைத் தூர் வாருங்கள் என்று மனுக் கொடுத்தால் மட்டும் ஒரு ஜீப்பும் வராது. அதில் ஆகாயத்தாமரை மண்டிப்போய், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஒத்திகையில் ஆளுக்கொரு வேஷம் உண்டு. ஒரு வருஷம் கால் ஒடிந்தவளாக என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலமே என் மாமியார் எனக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஆள் ஒருத்தரும் வேண்டும். அது வைரக்கண்ணு அண்ணன்தான், அதில் போட்டியே கிடையாது. விவசாயச் சங்கத்து வீதி நாடகங்களில் காலமெல்லாம் மிராசுதாராக நடித்தவர். அவருடைய அப்பா பண்ணையில் கைகட்டி நின்றவர். இவர் தலையெடுத்த பிறகுதான் குடும்பத்துக்கென்று ஒரு துண்டு நிலம் வந்தது. அதனால்தானோ என்னவோ, மிராசுதார் வேஷம் என்றால் அவருக்கு அப்படியொரு குஷி.

"எவன்டா என்னை எந்திரிங்கறது? புயலா? எங்கிட்ட உத்தரவு வாங்கிட்டா வருது?" என்று துண்டை உதறித் தோளில் போடுவார். தெருவே சிரிக்கும். மீட்புக் குழு கெஞ்சிப் பார்த்துவிட்டு, "சரி, நாங்க போறோம்" என்று கிளம்பும். நாங்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த பிறகு, கடைசி ஆளாக மீசையை முறுக்கிக்கொண்டு வருவார். அதிகாரிகள்கூடக் கை தட்டுவார்கள்.

அந்த மீட்புக் குழுவுக்குப் பொறுப்பு அவருடைய ஒரே மகள் செம்மொழி. நாகப்பட்டினத்தில் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவள். எங்கள் தெருவில் யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுச் சுவர் ஊறியிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளை நான் குறை சொல்லமாட்டேன். இதைக் கடைசிவரை கேட்ட பிறகும் அவளைக் குறை சொல்ல உங்களுக்கும் வாய் வராது.

போன கார்த்திகையில் நிஜமாகவே புயல் வந்தது. சம்பா நட்டுப் பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். முந்தைய நாள் முழுக்க மழை. மத்தியானத்துக்குள் கரையைக் கடக்கும் என்று வருவாய் ஆய்வாளர் செல்லதுரை விடிந்ததுமே போன் செய்துவிட்டார். செம்மொழி ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தாள். மாடுகளை அவிழ்த்துவிடச் சொன்னாள், அடுப்பில் இருந்ததை இறக்க வைத்தாள், நடக்க முடியாதவர்களை டிராக்டரில் ஏற்றினாள்.

கடைசியாகத் தன் வீட்டுக்குப் போனாள். வாசலில் வைரக்கண்ணு அண்ணன் நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருடி அது? எங்கிட்ட உத்தரவு வாங்கிட்டா புயல் வருது?"

அந்த நடுக்கத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டோம். செம்மொழிக்கும் சிரிப்பு வந்தது. "நடிச்சது போதும்ப்பா, சட்டைய மாட்டிக்கிட்டு கெளம்புங்க."

"நீ அம்மாவ கூட்டிட்டு முன்னாடி போ. மிராசு என்னைக்கு முதல்ல வந்துருக்காரு? பின்னாடியே வர்றேன்."

அவள் நம்பினாள். நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம். அவருடைய மனைவி நீலாம்பாள் அக்கா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தபோது செல்லதுரையிடமிருந்து மறுபடியும் போன். "யாராச்சும் பாக்கி இருந்தா இப்பவே சொல்லும்மா. கடைசியா ஒருதடவை ஜீப் அனுப்பறேன்."

செம்மொழி வாசலைப் பார்த்தாள். "எல்லாரும் வந்தாச்சு சார்" என்றாள். பொய் சொல்லவில்லை அவள். கடைசி ஆள் வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகுதான் காற்று பிடித்தது. அந்தச் சத்தத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு ஓடுகள் பறந்தன, தென்னைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. செம்மொழி கதவைச் சாத்திப் பெஞ்சுகளை முட்டுக்கொடுக்கச் சொன்னாள். அப்பாவுக்குப் போன் போட்டாள், போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் முகத்தில் எதையும் காட்டவில்லை. காட்டினால் பிள்ளைகள் அழுமே.

திடீரென்று காற்று நின்றது. மழையும் நின்று, ஜன்னல் இடுக்கில் வெயில்கூட வந்தது. புயலின் கண் தலைக்கு மேல் வந்தால் அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து முன்னைவிட வேகமாக அடிக்கும், அந்த நேரத்தில் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது என்று செம்மொழி எங்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அரசாங்கம் கற்றுக்கொடுத்ததிலேயே முக்கியமான பாடம் அதுதான் என்பாள்.

நீலாம்பாள் அக்கா எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்தார். "அப்பா வீட்ல இல்லடி. வடிகால் மடையில தாமரை அடைச்சுக்கிச்சு, இழுத்துவிடலன்னா ஊர் பயிரெல்லாம் அழுகிடும்னு மம்பட்டிய எடுத்துட்டுப் போனாரு. உங்கிட்ட சொன்னா விடமாட்டன்னுதான் அந்தக் கூத்தெல்லாம். சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. இப்பதான் காத்து நின்னுடுச்சுல்ல. கதவத் திற, நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

இளம்பரிதி கடப்பாரையை எடுத்துக்கொண்டான். அவன் செம்மொழியின் குழுவில் இருப்பவன், நல்ல திடகாத்திரமான பையன். "நீங்க இருங்க பெரியம்மா. நான் ஒரே ஓட்டமா போய்ட்டு வந்துடறேன்."

செம்மொழி கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள்.

"யாரும் போகக் கூடாது."

"உங்கப்பாடி அது."

"தெரியும்மா."

"என்னையாச்சும் விடுடி. போனா நானும் அவரும் சேந்து போறோம்."

அவள் அசையவில்லை. நீலாம்பாள் அக்கா மகளை அடித்தார். கன்னத்தில், தோளில், நெஞ்சில். அவள் கையை மடக்கவேயில்லை, கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. இளம்பரிதி கடப்பாரையைக் கீழே போட்டான். எனக்கு அங்கிருந்து எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. ஓடத்தான் வழியில்லையே.

காற்று திரும்ப வந்தது. அவள் சொன்ன மாதிரியே எதிர்ப்பக்கமிருந்து, அவள் சொன்னதைவிட மூர்க்கமாக. பள்ளிக்கூடத்து வராந்தாவின் கூரை பிய்த்துக்கொண்டு போனது. இளம்பரிதி போயிருந்தால் பாதி வழியில் இருந்திருப்பான்.

சாயங்காலம் எல்லாம் அடங்கியதும் செம்மொழிதான் முதலில் ஓடினாள். மடை திறந்திருந்தது. பிடுங்கிய தாமரை கரையில் மலையாகக் கிடந்தது. பக்கத்தில் விழுந்திருந்த தென்னைக்கு அடியில் அவர். தொடைக்குக் கீழே கால்மேல் மரம் கிடந்தது. அதற்கு மேலே துண்டைச் சுற்றி, குச்சி சொருகி முறுக்கிக் கட்டியிருந்தார். ரத்தத்தை நிறுத்த அப்படிக் கட்ட வேண்டும் என்று தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவள் செம்மொழி. மரம் விழுந்த பிறகும் மனுஷர் உயிரோடு இருந்திருக்கிறார். கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறார். காற்று நின்ற நேரத்தில் யாராவது வருவார்கள் என்று பார்த்திருப்பாரா, வரமாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்குமா, யாருக்குத் தெரியும். அந்த முடிச்சைப் பார்த்து செம்மொழி போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

எங்கள் தெருவில் வேறு ஒரு உயிர்கூடப் போகவில்லை. செல்லதுரை வந்து, "கஷ்டமா இருக்கும்மா, ஆனா நீ செஞ்சதுதான் சரி" என்றார். எல்லோரும் அதையே சொன்னோம். நீலாம்பாள் அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். சோறு போடுவார், துணி துவைத்து மடித்து வைப்பார். பேச்சு மட்டும் கிடையாது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் அப்படி இருந்ததைப் பார்க்கச் சகிக்காது.

அந்த மடையால் தண்ணீர் வடிந்து எங்கள் பயிரெல்லாம் பிழைத்தது. மாசியில் அறுத்தோம். அந்த அரிசியைத்தான் சாப்பிடுகிறோம். வேறு என்ன செய்வது.

அறுப்பெல்லாம் முடிந்த பிறகு, கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் புயல் பாடம் நடத்தச் சொல்லி செம்மொழியைக் கூப்பிட்டார்கள். போகமாட்டாள் என்று நினைத்தேன், போனாள். அன்று சாயங்காலம் நானும் நீலாம்பாள் அக்காவும் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவள் வந்து ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அங்க ஜெயான்னு ஒரு மீன்காரம்மா கேட்டாங்க. காத்து நிக்கிற நேரத்துல நம்ம ஆளு வெளியில மாட்டிக்கிட்டிருந்தா என்ன பண்றதுன்னு."

யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நீலாம்பாள் அக்கா நிமிர்ந்தார்.

"நீ என்ன சொன்ன?"

அத்தனை மாசத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் வார்த்தை.

"போகக் கூடாதுன்னுதான் சொன்னேன்மா."

அக்கா கையிலிருந்த கீரைக்காம்பைக் கீழே வைத்தார். பிறகு நகர்ந்து போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆனால் தொடவில்லை.

"சரியாத்தான் சொல்லியிருக்க" என்றார். "எல்லாம் எனக்குப் புரியுதுடி. ஆனா என்னால முடியல."