பாக்குப் போடாதவர்

அன்று காலை என் கணவர் ஸ்ரீநிவாஸ் என் டம்ளரிலிருந்துதான் காப்பி குடித்தார். ஸ்ரீவராகம் அக்கிரகாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைப்பதில்லை. தூக்கித்தான் குடிக்க வேண்டும், எச்சில் பட்டுவிடக் கூடாது. மாமியார் பூஜையில் இருக்கும் நேரம் பார்த்து இவர் அடுக்களைக்கு வருவார். நான் பாதி குடித்ததை வாங்கி, நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடிப்பார். நாற்பதைத் தாண்டிய பிறகும் எங்களுக்கு மிச்சமிருந்த குறும்பு அது. பிறகு சவரம் செய்யப் போனவர் சோப்பு நுரையோடு திரும்பி வந்தார். "பத்மா, இங்க தொட்டுப் பாரேன்." தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலியே இல்லை என்று சிரித்தார்.

டான்சிலில் புற்று என்றார் டாக்டர் ஷெமி. சிகரெட், புகையிலை, பாக்கு எதுவும் கிடையாதா என்று திரும்பவும் கேட்டுக்கொண்டு, சதையைச் சோதித்ததில் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் இருப்பதாகச் சொன்னார். உடலுறவில் பரவுவது, வாய் வழியாகவும் வரும். நம்மில் பெரும்பாலோருக்கு எப்போதாவது வந்து, வந்ததே தெரியாமல் போய்விடும். சிலருக்கு மட்டும் தொண்டையில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றாகலாம். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இது ரெண்டாம் கல்யாணம் டாக்டர்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "அதொண்ணும் மனசுல வெக்கண்டா சேச்சி. எப்போ வந்தது, யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு யாராலயும் பறைய முடியாது. இதுல குத்தக்காரா யாரும் இல்ல."

ஸ்ரீநிவாஸுக்கு எனக்கு முன்னால் யாரும் இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் அதைக் கூச்சத்தோடு சொன்னார். அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். சென்னையில் ஒருவனோடு வாழ்ந்து, விவாகரத்து வாங்கி வந்தவள் நான். என்னைக் கட்டிக்கொள்வேன் என்று இவர் சொன்னபோது மாமியார் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மெல்ல மெல்லத்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, கிழக்கேகோட்டையில் ஆட்டோ நின்ற நெரிசலில் இவர் என் முழங்கையைப் பிடித்தார். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்கப்படாது."

"எப்படிடா வந்தது? ஒரு பீடி கூட நீ தொட்டதில்லையே" என்று மாமியார் கேட்டார்.

"ஆபீஸ்ல பொட்டலப் பாக்கு போடுவேன்மா. ஆத்துக்கு வரச்சே வாயைக் கொப்பளிச்சுண்டு வந்துடுவேன்."

மாமியார் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளும் பித்தளை வெற்றிலைச் செல்லத்தைப் பார்த்தார். "என்னைப் பாத்துத்தானே பழகினே" என்றார். இவர் அதை எதிர்பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்றே செல்லம் பரணுக்குப் போயிற்று. படுக்கப் போகும்போது இவர் என் காதில், "அந்தப் பொட்டலத்துக்கு என்னடி பேரு? அம்மா கேட்டா சொல்லணுமே" என்றார். இரண்டு பேரும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தோம். அப்படிச் சிரித்தது இன்னும் என்னை விடவில்லை.

இந்த வகைப் புற்று சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும் என்றார்கள். பலருக்குக் கேட்கிறது. இவருக்கு அது நுரையீரலுக்குப் போய்விட்டது. மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் மாமியார், "பாக்கு. ஆபீஸ்ல போட்டுப் பழகிட்டான். என்னைப் பாத்துத்தான் பழகினான்" என்றார். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். எந்தக் காரணத்தாலோ மாமியார் பாக்கை விட்டாரே, அதுவும் புற்றைக் கொண்டுவருவதுதானே, நல்லதுதான் ஆயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியான சமாதானம்!

வருஷ சிராத்தத்தன்று சாஸ்திரிகளுக்குக் கொடுக்கும் தாம்பூலத்தட்டில் வெற்றிலையை அடுக்கப் போன மாமியார் கையை இழுத்துக்கொண்டார். "நீ வெச்சுடு பத்மஜா. நான் தொட்டா அவனுக்குச் சேராது."

வைத்தேன். எல்லாரும் போன பிறகு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "அம்மா, அவர் பாக்கே போட்டதில்ல." வைரஸ், டாக்டர் சொன்னது, ஆட்டோவில் பேசியது, எதையும் விடாமல் சொன்னேன். "எங்கிட்டேர்ந்து வந்திருக்கலாம். நிச்சயமாத் தெரியாது. ஆனா உங்க செல்லத்துலேர்ந்து வரல."

"அவனுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுண்டா எங்கிட்ட அப்படிச் சொன்னான்?"

"ஆமாம்மா."

அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. தரையில் சிந்தியிருந்த கறுப்பு எள்ளை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்து உள்ளங்கையில் சேர்த்தார். "நகந்துக்கோ. மிதிச்சுடப்போறே" என்றார்.

மறுநாள் பக்கத்துத் தெரு லீலாபாய் வந்தார். மகளோடு துபாயில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். "சீனுவுக்கு குடியோ பீடியோ ஒரு சீத்தப் பழக்கமும் கிடையாதே மாமி. பின்னே எப்படி?" நான் காப்பியோடு அடுக்களை வாசலில் நின்றுவிட்டேன். மாமியார் என் பக்கம் திரும்பவில்லை.

"பாக்கு. ஆபீஸ்ல போட்டுப் பழகிட்டான்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னைப் பாத்துத்தான் பழகினான்."

டம்ளரை மாமியார் முன்னால் வைத்தேன். எடுத்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்தார்.