போ என்று சொல்லும் வித்தை

றெபேக்கா படிப்பது ஒரு விசித்திரமான சங்கதி. இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்னர், சீனத்து அரசுகள் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்த காலத்தில், வாயை மட்டும் நம்பி அரண்மனை அரண்மனையாக ஏறி இறங்கியவர்களைப் பற்றிய ஆய்வு. ஒரு சொல் பிசகினால் தலை போகும். அதனால் அவர்கள் பேச்சை ஒரு வித்தையாக வளர்த்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதை எழுதியும் வைத்தார்கள். “இதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?” என்று அவள் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவளுக்குத் தெரிந்த தமிழர் எல்லோரும் கேட்டாயிற்று.

கேட்காதவன் அண்ணன் நிஷான் ஒருவன்தான். போன வருடம் தேவாலயத்தின் பங்குச் சபைத் தேர்தலில் நின்றபோது, அந்த வித்தையைச் சொல்லித் தரும்படி வந்து குந்திக்கொண்டான். அவளும் பூரித்துப்போய் ஒன்று விடாமல் சொன்னாள்.

“உங்கட விருப்பத்தை நீங்கள் சொல்லாதேங்கோ, அண்ணை. அரசனுக்கு எதில பெருமை, எதில பயம் எண்டு முதல்ல பாருங்கோ. பேந்து அவன்ர வாயாலயே உங்கட முடிவைச் சொல்ல வையுங்கோ.”

நிஷான் வென்றான். கத்தியைத் தீட்டி அவன் கையில் கொடுத்தது தானே என்று அந்தப் படித்த பிள்ளைக்கு அப்போது உறைக்கவில்லை.

இந்த ஒக்டோபரில் அவளுக்குத் சீன மொழி பேசும் தாய்பே நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு வருட இடம் கிடைத்தது. அங்கே போகாமல் ஆய்வு முடியாது. ஆனால் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு ஓயாமல் போகும் அம்மாவுக்கு அவள்தான் துணை. அந்த ஒரு வருடமும் அம்மாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பதாக நிஷான் வாக்குக் கொடுத்திருந்தான்.

மாதா சுரூபம், அதுதான் மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகிற மாதம். ஒருநாள் றெபேக்கா வீட்டுக்கு வந்தது. செபமாலை முடிந்து கடலையும் தேத்தண்ணியும் கைமாறுகையில் நிஷான் எழும்பினான்.

“எல்லாரும் கேளுங்கோ. தங்கச்சி ஒரு வருசம் தாய்பேக்குப் படிக்கப் போறாள். அவள் போகத்தான் வேணும். அம்மாவை அவளைப்போலப் பாக்க எனக்குத் தெரியாது. எண்டாலும் சமாளிப்பன். ஏதும் நடந்தா அது என்ர தலையில. அவளை ஒருத்தரும் குறை சொல்லக்கூடாது.”

குறை என்ற நினைப்பே அதுவரை அந்த அறையில் ஒருவருக்கும் வந்திருக்கவில்லை. இப்போது எல்லாக் கண்களும் அவள் மீது திரும்பின.

“றெபேக்கா தாயை விட்டிட்டுப் போற பிள்ளையோ? என்ன பிள்ளை?” என்றார் பங்கின் பெரியவர் எமிலியானுஸ்.

புகழ்ந்தான், தன்னைத் தாழ்த்தினான், பயத்தைக் காட்டினான், பழியைத் தான் ஏற்றான். அவளுக்கு ஒவ்வொரு படியும் தெரிந்தது. எந்த நூலில் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லியிருப்பாள். தெரிந்து என்ன பிரயோசனம்? அம்மா தலை குனிந்து செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

“இல்லை மாமா. நான் போகேல்லை.”

எல்லோரும் மெச்சினார்கள். நிஷான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாவி, அதையும் விடவில்லை.

சனம் கலைந்த பிறகு அம்மா குசினி வாசலில் வந்து நின்றார்.

“ஏன் பிள்ளை போகேல்லை எண்டனி? கொண்ணன் வீட்டை போக நான் பையும் அடுக்கி வைச்சிட்டன். அவன் போ எண்டுதானே சொன்னவன்.”

றெபேக்கா கோப்பையைக் கழுவினாள்.

“ஓம் அம்மா. போ எண்டுதான் சொன்னவர்.”