டல்லாஸிலிருந்து சிட்னிக்கு, நடுச் சீட்டில்

டெல்பர்ட் ஹாட்சர் சர்ச்சில்கூடப் பிரசங்கம் முடியும்வரை உட்கார்ந்ததில்லை. பாதியில் எழுந்து, வண்டியைப் பூட்டினோமா என்று பார்க்கப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் புதிதாகப் பிறந்த பேத்தியைப் பார்க்க டல்லாஸிலிருந்து சிட்னிக்குப் போயாக வேண்டும். எட்டாயிரத்து ஐந்நூறு மைலுக்கு மேல். எங்கும் இறங்காமல் பதினேழு மணி நேரம்.

"இங்க இருக்குற ஹூஸ்டன் போறதுக்கே மூணு தடவ வண்டிய நிறுத்துற ஆளு நீ. கடலுக்கு மேல எங்க நிறுத்துவாங்க?" என்றாள் மனைவி நாடின். "ஒரு ஒத்திகை பாத்துருவோம்."

சனிக்கிழமை விடியற்காலையில் கூடத்தில் மூன்று நாற்காலிகளை ஒட்டிப் போட்டாள். முழங்கால் இடிக்கும்படி முன்னால் ஓர் அலமாரி. பழைய பெல்ட் ஒன்றைக் கட்டிய நடு நாற்காலி டெல்பர்ட்டுக்கு. ஜன்னலோரம் அவளுக்கு, ஆனால் விமானப் பணிப்பெண்ணும் அவளே என்பதால் உட்கார நேரம் கிடைக்கவில்லை. மறுபக்கம், முன்பின் தெரியாத பயணியாக, பக்கத்து வீட்டு லமார்.

"நாடின், ஒரு காபி..."

"விமானம் இன்னும் மேல ஏறிட்டிருக்கு, சார். பெல்ட்டப் போடுங்க."

லமார் மெல்லத் திரும்பினார். "உங்களுக்கு எந்த ஊருங்க?"

"யோவ், நேத்துதானய்யா என் புல்வெட்டுற மெஷின வாங்கிட்டுப் போன?"

"மன்னிக்கணும். வேற யாரையோ நெனச்சுப் பேசுறீங்க."

மத்தியானத்துக்குள் அந்த முன்பின் தெரியாதவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு டெல்பர்ட்டின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். அழைப்பு மணி அடித்தது. சர்ச் தோழி வெர்லீன், கையில் மூடிய பாத்திரத்தோடு நின்றாள்.

"இப்பத் திறக்க முடியாது வெர்லீன்," என்றாள் நாடின் ஜன்னல் வழியாக. "பசிபிக் மேல இருக்கோம்."

"அப்படியா? படியில வெச்சுட்டுப் போறேன். பத்திரமா போய்ட்டு வாங்க."

பொழுது சாயும் நேரத்தில் டெல்பர்ட்டுக்குக் கால் மரத்து, மூச்சு முட்டியது. பெல்ட்டைப் பிய்த்துக்கொண்டு எழுந்தார். "நான் இறங்குறேன்!" வாசல் கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

நாடின் தடுக்கவில்லை. "திறங்க சார். முப்பத்தஞ்சாயிரம் அடி."

வெளியே தன் புல்தரைதான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கை திருப்ப மறுத்தது. "திறந்துராதீங்கய்யா!" என்று லமார் அலறினார். "எனக்குப் புள்ளகுட்டி இருக்கு!" டெல்பர்ட் தலைகுனிந்து திரும்பி வந்து, லமாரிடம் மன்னிப்புக் கேட்டு, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

இரவு விமானம் தரையிறங்கியதும் ஆண்கள் இருவரும் கைதட்டினார்கள். நாடின் அன்று முதல்முறையாக ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன.

"எப்படி ஆச்சு?" என்றார் டாக்டர்.

"சிட்னி வரைக்கும் நின்னுட்டே போனேன்."

ஒரு மாதத்துக்கு விமானமே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். டெல்பர்ட்டைத் தனியாக அனுப்ப நாடினுக்கு மனமில்லை. பழகியது வீணாகக் கூடாதென்று லமார் தானும் ஒரு டிக்கெட் வாங்கினார். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் கதவுப் பக்கம் போகவில்லை.

சிட்னியிலிருந்து டெல்பர்ட் போன் செய்தார். பேத்தி யார் ஜாடை என்று நாடின் கேட்கவில்லை.

"விமானத்துல சாப்பாடு எப்படிக் குடுத்தாங்க?"

"கோழி. உன் கைப்பக்குவம் வராது."

"அப்ப சாப்பிடலயா?"

"ரெண்டு வாங்கிச் சாப்பிட்டேன்."

நாடின் போனை வைத்துவிட்டாள்.