சதுரக் குன்று

கோப்புதான் கெட்டுப்போயிருக்கிறது என்று பினஸ்தி முதலில் நினைத்தாள். விமானத்திலிருந்து லேசர் வைத்து அளந்த புதிய உயரத் தரவு அன்று காலைதான் மாவட்டப் பேரிடர் அலுவலகத்துக்கு வந்திருந்தது. ஜாவாவின் தென்கரையில் அவர்கள் மாவட்டம் முழுவதும் அதில் இருந்தது. புதுச் செருப்பு வாங்கியவள் கடை வாசலிலேயே போட்டு நடந்து பார்ப்பது போல, அவளும் உடனே தன் அக்கா துமினா வாழ்க்கைப்பட்ட ஊரான கராங்வேனியை எடுத்து, கடற்கரையிலிருந்து ஊருக்குப் பின்னால் உள்ள மைதானம்வரை ஒரு கோடு இழுத்தாள். கோடு போகிற வழியில் தரை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று மென்பொருள் அடியில் தனியாக வரைந்து காட்டும். மைதானத்தில் அது சரசரவென்று ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. கடைசிவரை பாய் விரித்த மாதிரி படுத்தே கிடந்தது. நான்கு மீட்டர்.

இன்னொரு முறை இழுத்தாள். அதே நான்கு. பழைய செயற்கைக்கோள் தரவை அதன்மேல் போட்டாள். பதினேழு மீட்டர் என்றது. அதில் மைதானம் பழுப்பு நிறக் குன்றாக நின்றது. இரண்டு வருடமாகப் பார்த்துப் பழகிய குன்றுதான். ஆனால் அதன் ஓரங்கள் அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேராக இருப்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. கடவுள் படைத்த எந்தக் குன்றுக்கு நான்கு மூலை இருக்கிறது? அந்தத் தரவு எடுத்த காலத்துப் புகைப்படத்தைத் திறந்தாள். அதே சதுரத்தில், அதே ஓரங்களோடு, செங்கோன் என்ற நெட்டை மரங்களின் தோப்பு அடர்ந்து நின்றது. செயற்கைக்கோள் அனுப்பிய ரேடார் அலை இலைகளில் பட்டுத் திரும்பியிருக்கிறது. மரத்தின் தலையைத் தரை என்று எழுதி வைத்திருக்கிறது.

அதை நம்பி, சுனாமி வந்தால் ஊரே ஓடிப்போய் நிற்க வேண்டிய இடம் என்று பச்சை எல்லை வரைந்தது அவள்தான். உச்சி தட்டையாக இருக்கிறதே, நிற்க இடம் தாராளமாகக் கிடைக்குமே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள் வேறு. திறப்பு விழாவுக்குப் போய் அங்கே நின்றும் பார்த்தாள். கடற்கரையிலிருந்து நடந்தால் பாதை லேசாக ஏறுவது தெரியும், எவ்வளவு என்று காலுக்குத் தெரியாது. கணினி பதினேழு என்றதும் காலும் நம்பிவிட்டது. மக்கள் நிற்க இடம் வேண்டும் என்று விழாவுக்கு முன்பே தோப்பை வெட்டியிருந்தார்கள். பினஸ்தி வாய்மேல் கை வைத்தாள். குன்றையே வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கு அங்கே சுனாமி ஒத்திகை. ஒலிபெருக்கியோடு போயிருந்த மேலதிகாரி குனார்த்தோவைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த மைதானம் மேடு இல்லண்ணே."

"என்னம்மா உளறுற? சனம் பூரா வந்து நிக்குது. ஊர்த்தலைவரு பாக் லூரா பேசப்போறாரு."

"நாம அளந்தது தரைய இல்ல. மரத்த."

"எந்த மரம்? இங்க ஒரு மரமும் இல்லியே."

போனில் மூங்கில் முரசு தட்டும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் மட்டும் கேட்டன. குனார்த்தோ மெல்லக் கேட்டார். "எவ்வளவு வருது?"

"நாலு."

"ஆண்டவனே!" குரல் இன்னும் இறங்கியது. "இன்னிக்கு வேணாம்மா. திங்கக்கெழம பெரியவங்ககிட்ட பேசிட்டு, பக்குவமா சொல்லுவோம்."

"திங்கக்கெழம வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு எங்க அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா? அவ நெறமாசம்ணே."

பதிலுக்குக் காத்திராமல் ஸ்கூட்டரை எடுத்தாள். வழி எப்படிப் போனதென்று அவளுக்கு நினைவில்லை. சாலையின் எந்த ஏற்றத்தையும் நம்ப முடியவில்லை. மைதானத்தில் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. போன முறையைவிடச் சீக்கிரமாக வந்து சேர்ந்துவிட்டார்களாம். கூடாரத்து நிழலில் அவித்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டிருந்த துமினா எழுந்து வந்தாள்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? சாப்டியா?" பக்கத்தில் நின்றவளிடம் திரும்பிப் பெருமையாகச் சொன்னாள். "இவதான் என் தங்கச்சி. இந்த எடத்தக் கண்டுபிடிச்சதே இவதான்."

பினஸ்தி குனார்த்தோவிடம் போய்க் கை நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டார்.

"நான் தப்பா வரஞ்சுட்டேன்" என்றாள். பெரிதாகிக் கேட்ட தன் குரலே அவளைத் திடுக்கிட வைத்தது. "இந்த எடம் ஒசரம் இல்ல. உங்க வீட்டு வாசலவிட ஒரு ஆள் ஒசரம்தான் கூட. அல வந்தா இங்கயும் வரும்."

சிரிப்பு உடனே நிற்கவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் கேலி என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்தினார்கள். பாக் லூரா கையில் பேச்சுத்தாளோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தர்கூட அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

துமினாதான் கேட்டாள். "அப்ப எங்கடி ஓடுறது?"

பினஸ்தி, மைதானத்தை ஒட்டி ஓடிய ஆற்றுக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது சுண்ணாம்புக் குன்று. அதன்மேல் ஒரு மரம்கூட இல்லை.

போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. துமினா கடலைப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். இரண்டு பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். பிறகு எல்லோரும் போனார்கள். ஆற்றைக் கடக்க அங்கே இருந்தது, புல் அறுக்கப் போகிறவர்கள் கட்டிய மூங்கில் பாலம் ஒன்றுதான். ஒரு சமயத்தில் ஒருவர்தான் போக முடியும்.

பினஸ்தி கடைசி ஆளாக நின்றாள். வரிசை ஆற்றங்கரையிலிருந்து மைதானத்தின் நடுவரை நீண்டு கிடந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை. தூரத்தில் துமினா இரண்டு பக்கமும் மூங்கிலைப் பிடித்தபடி, ஒவ்வொரு அடியாக வைத்துப் போனாள். அவள் கனத்துக்குப் பாலம் நடுவில் தொய்ந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். வரிசை இன்னும் ஓர் அடிகூட நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.