யாமிலேக்காக வைத்த பெட்ரோல்

கார் டாங்குக்குள் விட்டிருந்த ரப்பர் குழாயின் மறுமுனையை வாயில் வைத்து ஒரு இழு இழுத்த பக்கத்து வீட்டு உபால்டோ, மறுகணமே முகத்தைச் சுளித்துக்கொண்டு முற்றத்தில் துப்பினான்.

"ஐயோ அக்கா, இது பெட்ரோலா? ஊறுகாயில்ல போட்டு வச்சிருக்கீங்க!"

வாளியில் விழுந்தது வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. பழைய வார்னிஷ் வாடை. நியேவெஸ் குனிந்து வாளியை எட்டிப் பார்த்தாள். இன்று மதியம் மகள் யாமிலே ஓல்கீன் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறாள். போன வருஷம் அவள் வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று பேருந்து வரவில்லை. நியேவெஸ் லாரியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் விமானம் பறந்துவிட்டது. கையசைக்கக்கூட முடியவில்லை. திரும்பி வரும்போதாவது வாசலில் நான் இருப்பேன் என்று அன்றே முடிவு செய்தாள். விடிய விடிய வரிசையில் நின்று, செத்துப்போன புருஷனின் பழைய ருஷ்யக் காருக்கு டாங்க் நிறைய வாங்கிவந்தாள். அதன்பிறகு ஒருநாளும் அதைக் கிளப்பவில்லை. கிளப்பினால் குறைந்துவிடுமே! கியூபாவில் பெட்ரோல் பொன். பொன்னும் கெட்டுப்போகும் என்று யார் கண்டது?

ஆனால் சாயங்காலங்களில் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக் கண்ணை மூடினால் போதும், கார் தானாக நகரும். ரொட்டிக்கடை, கரும்பு வண்டிகள், கண்ணாடியில் வந்து விழும் செம்மயிற்கொன்றைப் பூக்கள். சில நாள் சாலை அப்படியே கடலுக்குள் இறங்கும். தண்ணீருக்கடியில் யாமிலே பெட்டியோடு நின்று கையாட்டுவாள். அடுப்பில் பீன்ஸ் கருகும் வாசம் வந்தபிறகுதான் இறங்கி வீட்டுக்குள் போவாள்.

"என் பைக்ல ஏறுங்க, நான் கொண்டுபோய் விடறேன்," என்றான் உபால்டோ.

"அவ பெட்டிய உன் தலையிலயா வைக்கிறது? போடா. நான் காரோட்டிட்டுத்தான் போவேன்."

அவன் தலையைச் சொறிந்தான். டாங்கை முழுக்க வடித்தான். கார்புரேட்டரைக் கழற்றிப் பிசினைச் சுரண்டினான். பிறகு தன் பைக்கிலிருந்த பெட்ரோலைக் கடைசிச் சொட்டுவரை காருக்குள் ஊற்றினான். நியேவெஸ் தக்காளிப்பழம் போலச் சிவந்துபோனாள்.

"அன்னிக்கு நீ ஒரு பாட்டில் கேட்டே. நான் தரலையேடா."

"தந்திருந்தா அதாவது எரிஞ்சிருக்கும். சரி விடுங்க, காபி போடுங்க."

நாலு தரம் இருமி, வெள்ளைப்புகை கக்கி, கார் உயிர்பெற்றது. தெருவே கைதட்டியது. ஜன்னலுக்குள் தலையை விட்டு உபால்டோ கத்தினான்:

"உள்ள இன்னும் அடைப்பிருக்கு! ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்தீங்க, அணைஞ்சிரும். அணைஞ்சா திரும்பக் கிளம்பாது. எங்கயும் நிறுத்தாதீங்க!"

ரொட்டிக்கடை வந்தது, கரும்பு வண்டிகள் வந்தன. பூக்கள் நிஜமாகவே கண்ணாடியில் விழுந்தன. கனவில் இல்லாத ஒன்று, நெஞ்சு படபடப்பு மட்டும்தான்.

விமான நிலைய வாசலில் யாமிலே நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். நியேவெஸ் நிறுத்தவில்லை. வாசலைத் தாண்டிப் போய், ரவுண்டானாவைச் சுற்றி மறுபடி வந்தாள்.

"அம்மா! எங்க போற? நில்லும்மா!"

"நிக்க முடியாதுடி!" நியேவெஸ் அழுதுகொண்டே சிரித்தாள். "ஓடி வா!"

வலது கையை நீட்டிப் பக்கத்து இருக்கையின் கதவைத் தள்ளித் திறந்தாள். திறந்த கதவோடு கார் மெல்ல ஊர்ந்தது. பெட்டி உருள, செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடக்க, யாமிலே பக்கத்திலேயே ஓடிவந்துகொண்டிருந்தாள்.